நன்மைக்குக் காத்திருந்த காலைகள்

செசிலி, சூசை, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சின்னவன் வளர்ந்ததும் நீங்கள் படித்துக் காட்டுங்கள். எனக்கு நாலாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் யார் சொன்னாலும் திருத்த வேண்டாம்.

தோட்டத்து லயத்தில் இரண்டு விதமாகப் பேச்சு இருக்கிறது. அந்தோணியை, அதாவது என்னை, முனியாண்டி அடித்துப்போட்டு முனியாண்டியே எழுப்பிவிட்டார் என்று ஒரு பேச்சு. ஆஸ்பத்திரியில் அவனுக்குப் புத்தி பேதலித்துப் போய், தண்ணீர்கூட வேண்டாம் என்று கிடந்தான் என்று இன்னொரு பேச்சு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் மற்றவர் வாயால் கேட்பதற்கு முந்தி நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஐயா இன்னும் பதினைந்து நாள் ரப்பர் வெட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். கை சும்மாதான் இருக்கிறது.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்காக நான் ஞானஸ்நானம் வாங்கியவன். பெண்ணுக்காக வேதத்தில் சேர்ந்தான் என்று ஊரே சிரித்தது. தொடக்கத்தில் அது பொய் இல்லை. ஆனால் உபதேசியார் ஆறு மாதம் தினமும் மாலையில் உட்காரவைத்து மந்திரங்களையும் கட்டளைகளையும் சொல்லிக்கொடுக்கக் கொடுக்க, அது எனக்கே சொந்தமானதாக ஆகிவிட்டது. எப்போது ஆனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்த அண்ணன் அவர். அந்தக் கோபம் சின்னக் கோபம் இல்லை. அவர் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். காலைப் பெரட்டில் பேர் வாசிக்கும்போது என் பேரை வாசிப்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

மலாயா சர்க்கார் நம்மையெல்லாம் முள்கம்பிக்குள் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்த பிறகு, பகாவ் போகும் ரோட்டின் இரண்டு பக்கமும் லாலான் புல்லையும் புதரையும் வெட்டித் தள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. காட்டுக்காரர்கள், அந்தக் கம்யூனிஸ்டுகள், ஒளிந்திருந்து லாரியைச் சுடுவார்கள் என்று. வெட்டிக்கொண்டே போனால் வழியில் முனியாண்டி கல் இருக்கும் மரம். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு லாலான். அங்கே வந்ததும் ஒருத்தனும் கத்தியைத் தூக்கவில்லை. சூடம் கொளுத்தி உத்தரவு கேட்காமல் வெட்டமாட்டோம் என்றார்கள். பின்னால் நின்ற போலீஸ்காரனோ இன்றைக்கே முடிய வேண்டும் என்று கத்தினான். உங்கள் பெரியப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உனக்குத்தான் இந்தச் சாமி கிடையாதே. நீ இறங்கு."

நான் இறங்கினேன். ஒன்றரை நாள் நான் ஒருவனே அந்த லாலானுக்குள் நின்று வெட்டினேன். இடுப்புவரை சருகு, காலடியில் எலி வளை. கல்லை நான் தொடவில்லை, மரத்தையும் தொடவில்லை. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது.

முதலில் மலேரியா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டிரஸர் ஐயா கொய்னா கொடுத்தார். ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பதுபோலத் தலைவலி. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. செவ்வாய்க்கிழமை தோட்டத்து லாரியில் படுக்கவைத்து, முன்னும் பின்னும் பட்டாளத்து வண்டி போகும் நேரம் பார்த்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்கு வெளியே போகப் பாஸ் கிடைக்கவில்லை. கம்பி வேலிக்கு உள்ளே நின்று உங்கள் மூன்று பேரையும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. அவள் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். வந்ததும் என் வேட்டியைத் தளர்த்தி, கக்கம், தொடை இடுக்கு, இடுப்பு என்று எதையோ தேடினார். இடுப்பில் வேட்டி முடிச்சுக்குக் கீழே கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. பீடி நெருப்பு பட்டுக் காய்ந்ததுபோல. எனக்கே அது தெரியாது. வலிக்கவும் இல்லை.

"இதைத்தான் தேடினனான்" என்றார். "லாலானுக்கை வேலை செய்தனீரோ?"

பிறகு அவர் விளக்கிச் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எலியின் மேல் ஒருவகைப் பூச்சி இருக்கிறது. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, புல்லில் தொற்றிக்கொண்டிருக்கும். மனிதன் வந்தால் ஏறிக் கடித்துவிட்டு விழுந்துவிடும். கடித்த இடம் கறுக்கும், உள்ளே காய்ச்சல் ஊறும். அதற்கு டைபஸ் என்று பேர். முன்னெல்லாம் இதில் செத்துப்போனவர்கள் நிறைய. இப்போது புது மாத்திரை வந்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, நடுராத்திரி பன்னிரண்டு. கேட்டில் காவல்காரன் மாற்றி மாற்றி நிற்பதுபோல, ஒரு வேளை தப்பினாலும் எதிரி உள்ளே வந்துவிடுவான் என்றார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

முதல் நாள் ஒழுங்காகச் சாப்பிட்டேன். புதன்கிழமை தோட்டத்து வேலையாகப் பட்டணத்துக்கு வந்த பெரியப்பா வார்டுக்குள் வந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து நிற்கிறார். கையில் அம்மா கொடுத்துவிட்ட சாரோங் கைலி. கட்டில் மேல் வீசினார்.

"உன் பொண்டாட்டியால கேட்ல என் மானமே போச்சுடா."

"என்னண்ணே ஆச்சு?"

"ஒரு பிடி அரிசி வெளிய போனாலும் புடிக்கிறான். இவ சாரோங் ஓரத்துல என்னத்தையோ வச்சுத் தச்சிருக்கா. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தடவிப் பாத்துட்டு, மண்டோர், காட்டுக்குத் தோட்டாவா கடத்துறேன்னு துப்பாக்கியத் தூக்கிட்டான்லா! அத்தனை பேர் முன்னால நானே பிரிச்சுக் காட்டினேன். பாத்தா உங்க மணி மாலை. இது என்னான்னு கேக்கறான். நான் என்னத்தச் சொல்ல? என் தம்பி சாமி கும்பிடுறதுன்னு என் வாயால சொல்ல வச்சிட்டா."

பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் தம்பின் என்ற ஊர்ப் பக்கத்து ஆள், ரயில்வேயில் தண்டவாளம் போடுகிறவர், சடையன் என்று பேர். பெரியப்பா அவரை முறைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து செபமாலையையும் மடித்த காகிதம் ஒன்றையும் எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காகிதத்தில் செசிலி, உன் எழுத்து. "அப்பா, கோயில் சாமியாருக்கு ஆபீஸ் கிராணி ஐயா கடுதாசி போட்டுவிட்டார். நாளைக்கோ மறுநாளோ காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களுக்கு நன்மை கொடுப்பார். தயாராக இருக்கச் சொல்லி அம்மா சொன்னாள்."

கட்டிலில் கிடந்து நான் பயந்துகொண்டிருந்தது அதற்காகத்தான். சாவதற்கு மட்டும் இல்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், நன்மை அப்பத்தை நாக்கில் வாங்காமல் போய்விடுவேனோ என்று. ரோட்டில் லாரிகளைச் சுட்ட நாளிலிருந்து சாமியார் தோட்டத்துக்கு வந்து எட்டு மாதமாகிவிட்டது. எட்டு மாதமாக நமக்குப் பூசையும் இல்லை, நன்மையும் இல்லை. நான் இப்படியே போனால், வேதத்தை விட்டவன்போலத்தானே புதைப்பார்கள், பெரியப்பா உங்களைத் தன் வழிக்குக் கூட்டிக்கொண்டுபோவார், அதைத் தடுக்க அம்மாவால் முடியுமா என்று மனம் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

தயாராக இருப்பது என்றால் என்ன என்று உபதேசியார் எனக்குச் சொல்லித்தந்திருந்தார். நடுச்சாமத்திலிருந்து வாயில் ஒன்றும் படக்கூடாது. சோறு கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. பல் விளக்கும்போது தெரியாமல் விழுங்கினாலும் அன்றைக்கு நன்மை இல்லை. நானும் உங்கள் அம்மாவும் பூசை நாளில் அப்படித்தான் இருந்தோம். ஆகவே அன்று நடுராத்திரி மாத்திரையை நான் விழுங்கவில்லை. காலை ஆறு மணி மாத்திரையையும் விழுங்கவில்லை. நர்ஸ் மிஸி கொடுத்ததை வாயில் போட்டுக்கொள்வதுபோலக் காட்டி, தலையணை உறைக்குள் தள்ளினேன். நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சாமியார் வரவில்லை. பதினொரு மணிக்கு மேல் இனி வரமாட்டார் என்று தெரிந்ததும் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். வெள்ளிக்கிழமையும் அதே மாதிரி. சனிக்கிழமையும் அதே மாதிரி. மதியத்தில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கும். விடிந்தால் இரண்டு மடங்காக ஏறும். பட்டாளம் காட்டுக்குள் ஏதோ வேட்டை நடத்துகிறது, அந்தப் பக்கத்து ரோட்டையெல்லாம் அடைத்துவிட்டார்கள் என்று அட்டெண்டன் பேசிக்கொண்டான். சாமியார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமை படுக்கை மாற்றும்போது மிஸி தலையணையை உதறினாள். ஆறு மாத்திரைகளும் தரையில் சிதறின.

அவள் சீனப் பெண், சின்ன வயது. மலாயில்தான் பேசுவாள். முகம் சிவந்து, "அப்பா இனி?" என்றாள். அதாவது, என்ன இது என்று. பொய் சொல்லிப் பிடிபட்ட வெட்கம் எனக்கு. என் தோட்டத்து மலாயில் நன்மையைப் பற்றி எப்படிச் சொல்வது? விரதம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன்.

"சாயா புவாசா, மிஸி."

"புவாசா?" அவள் என் தலைமாட்டு அட்டையை எடுத்துப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "லூ மலாயு கா?" நீ மலாய்க்காரனா என்று கேட்டாள்; புவாசா என்றால் முஸ்லிம்கள் இருக்கும் நோன்பாம்.

சடையன் மாவுக்கட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எப்பா அந்தோணி, முனியாண்டிய விட்டு ஏசுகிட்ட போனே. இப்ப அங்கேயிருந்தும் கிளம்பிட்டியா?"

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் வந்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. ஆறு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்து என் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"உமக்கு என்ன விசரோ? இதுக்காக எத்தனை பேர் காத்துக்கிடக்கினம் தெரியுமோ? இன்னும் ரெண்டு நாள் இப்பிடி இருந்தீரெண்டால் சிறுநீர் நிண்டுபோம். பிறகு உம்மடை சாமி வந்து சவத்துக்குத்தான் மந்திரம் சொல்லவேணும். விளங்குதோ?"

"விளங்குதுங்க. ஆனா காலையில மட்டும் வேணாங்க. சாமியார் வந்துட்டுப் போகட்டும்."

அவர் என் கையைத் திருப்பி நரம்பைத் தேடினார். வாயால் எடுக்கமாட்டேன் என்றால் கை நரம்பில் ஊசி போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றுவேன் என்றார். உடம்பில் தண்ணீர் வற்றினால் அப்படித்தான் செய்வார்களாம், போத்தலிலிருந்து ரப்பர் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக. நான் அதற்கும் யோசித்தேன். சடையன்தான் தீர்த்துவைத்தார்.

"அது வாய் வழியாவா போகுது? கையி வழியாப் போறதுக்கெல்லாம் உன் சாமி கோவிச்சுக்காது. பேசாம கையை நீட்டு."

நீட்டினேன். டாக்டர் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போடச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியப்பா வந்ததை நான் பாதி நினைவில்தான் பார்த்தேன். வெயில் கண்ணைக் கூசியது. அவர் அழுவதுபோல ஒரு சத்தம். ஆனால் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை என்பதால் கனவு என்று நினைத்தேன். நெற்றியில் எதையோ பூசினார். கையைப் பிடித்தார்.

சாயங்காலம் முழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. வியர்த்துக் கொட்டியிருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் தடவிய கறுப்புக் கயிறு. பெரியப்பா கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்கிருச்சுடா" என்றார். "கட்டி ஒரு மணி நேரத்துல இறங்கிருச்சு. சடையனக் கேளு."

"அண்ணே, இது..."

"பேசாதே. கேளு. உன்னை அந்த லாலான்ல இறக்கினது நான். எவனும் வெட்டமாட்டேன்னப்ப உனக்குச் சாமி இல்லேன்னு சொல்லி இறக்கினேன். அது தப்பு. உனக்கில்லேன்னாலும் எனக்கு இருக்குல்ல. காசு பணம் இருந்தா அங்கேயே அபராதம் கட்டியிருப்பேன். கட்டினா தீர்ற தப்பா இது? நேத்து போன் வந்ததும் நேரா கல்லுகிட்ட போய் விழுந்தேன். தம்பி எழுந்து வந்தா, திருவிழா அன்னைக்கு மொட்டை போட்டு, உன் முன்னால வந்து விழுவான்னு நேந்துகிட்டேன்."

"யாரு? நானா?"

"பின்னே யாரு?"

"என்னைக் கேக்காம என் பேர்ல எப்படிண்ணே?"

"சாகக் கிடக்கிறவனைக் கேட்டுட்டா நேர்வாங்க?"

அவர் எழுந்து என் காலைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. கதவருகில் போய்த் திரும்பி, "கயித்த அவுத்தே, உன் பிள்ளைங்களுக்கு நீ அப்பன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளே, அன்று சாயங்காலத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கயிற்றை உடனே அறுத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அறுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் நரம்பில் ஏறிய தண்ணீரால் இறங்கியதா, கயிற்றால் இறங்கியதா? கயிற்றால்தான் என்றால்? அதை எடுத்ததும் ஏறினால்? உங்கள் முகம் மூன்றும் மாறி மாறி வந்தது. சடையன் என் மனதைப் படித்தவர்போல, "கெடக்கட்டும்பா. ஒரு நூலு. அதோட கனம் என்ன? வீட்டுக்குப் போய் அவுத்துக்க. உன் சாமிக்குத் தெரியாதா நீ எந்தப் பக்கம்னு?" என்றார். நல்ல மனுஷன். கேலிக்காகச் சொல்லவில்லை.

திங்கள் காலை வரை அது கையில் இருந்தது. காலையில் செபமாலையை எடுத்தபோது அந்தக் கையால்தான் எடுத்தேன். ஒரு மணிகூடத் தள்ள முடியவில்லை. இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் கடன் சொல்பவன்போல எனக்கு இருந்தது. சாமியார் வந்து நாக்கை நீட்டச் சொல்லும்போது இந்தக் கையைப் போர்வைக்குள் ஒளிப்பேனா? மாத்திரையை ஒளித்தது போதாதா? மிஸியைக் கூப்பிட்டு, கயிற்றைக் காட்டி, விரலால் கத்தரிக்கோல்போல் செய்து காட்டினேன். அவள் மூன்று தடவை கேட்டாள், நிச்சயமா என்று. வெட்டியதை நான் குப்பையில் போடவிடவில்லை. அண்ணன் அழுதுகொண்டு கட்டியது. காகிதத்தில் சுற்றி வைக்கச் சொன்னேன்.

திங்கள் மதியம் காய்ச்சல் ஏறியது. அந்தப் பயத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. பல் கிட்டித்தது. சடையன் தலையில் அடித்துக்கொண்டார். "சொன்னேனே, கேட்டியா!" என்று அவர் சத்தம் போட்டது தூரத்தில் கேட்டது. எனக்கும் உள்ளே அதே சத்தம்தான். அண்ணன் சொன்னது சரிதானோ, நான் உங்களைத் தகப்பன் இல்லாமல் ஆக்கிவிட்டேனோ என்று. விசுவாசப் பிரமாணச் செபத்தைச் சொல்லத் தொடங்கினேன். நடுவில் மறந்துபோயிற்று. மறந்த இடத்திலிருந்து திரும்ப முதலுக்குப் போனேன். எத்தனை தடவை என்று தெரியாது. அன்று நடுராத்திரியிலிருந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குச் சாமியார் வந்தார். அங்கியின் கீழ்ப்பகுதி முழுக்கச் செம்மண். பட்டாளத்து லாரியின் பின்னால் ஏறி வந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர், ஆனால் தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். குனிந்து என் உதட்டைப் பார்த்தார். வெடித்து இரத்தம் கட்டியிருந்தது.

"தண்ணீர் குடித்து எத்தனை நேரம் ஆகிறது?"

பெருமையோடுதான் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது இப்போது. "நடுச்சாமத்துல இருந்து ஒண்ணும் தொடலைங்க சாமி. ஆறு நாளா ஒவ்வொரு காலையும் அப்படித்தான் இருக்கேன். மருந்துகூட."

அவர் முகம் வெளுத்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மகனே, சாகும் ஆபத்தில் இருப்பவனுக்கு இந்த விரதம் என்றைக்குமே கிடையாது. தண்ணீரும் மருந்தும் குடித்துவிட்டே நன்மை வாங்கலாம். இந்த வருஷத்திலிருந்து நோயில்லாதவனுக்குக்கூடத் தண்ணீர் விரதத்தை முறிக்காது என்று பாப்பரசர் சொல்லிவிட்டார். எல்லாக் கோயிலிலும் அறிவித்தாயிற்று. உங்கள் தோட்டத்துக்கு வந்து சொல்லத்தான் எனக்கு வழி இல்லாமல் போயிற்று."

எட்டு மாதம் ரோடு அடைபட்டதால் எனக்குத் தெரியாமல் போன சேதி இது. கம்பிக்கு உள்ளே அரிசி அளந்து வந்தது, சட்டம் வந்தது, அடையாளக் கார்டு வந்தது. இது மட்டும் வரவில்லை. நீ எழுதிய கடுதாசியில் தப்பில்லை செசிலி, அதை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. கேட்காமல் விட்டது என் தப்பு. கேட்க ஆள் இல்லை என்றாலும், டாக்டரிடமாவது நேராகச் சொல்லியிருக்கலாம். ஒளித்தேன்.

சாமியார் தானே சொம்பைத் தூக்கி எனக்குத் தண்ணீர் புகட்டினார். மிஸியைக் கூப்பிட்டு மாத்திரை கொண்டுவரச் சொல்லி விழுங்கவைத்தார். அதற்குப் பிறகுதான் பாவசங்கீர்த்தனம் கேட்டார். நன்மை கொடுத்தார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். சடையன் அந்தப் பக்கம் திரும்பி, எங்களுக்கு மறைவு கொடுப்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு சொன்னார், "தண்ணி குடுத்துட்டுத்தான் சாமி குடுத்தாரு. நல்ல சாமியார்லா."

நாலு வேளையும் மாத்திரை போனதும் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. திரும்பி வரவில்லை. காது மட்டும் இரண்டு வாரம் மந்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நடந்தவை உங்களுக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். திருவிழாவுக்கு நாலு நாள் முந்தி பெரியப்பா வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. உங்களை அம்மா தண்ணீர்க் குழாய்க்கு அனுப்பினாளே, அன்றைக்கு.

"எழுந்து வந்துட்டே. நேர்ந்ததை முடிக்கணும்."

"அண்ணே, உங்க கால்ல விழச் சொல்லுங்க, விழறேன். அது மட்டும் என்னால முடியாது."

"மயிருதானேடா. திரும்ப வளரும்."

"வளரும்ணே. அங்க வந்து விழுந்தேன்னா, ஆஸ்பத்திரியில கிடந்தது எல்லாம் பொய்னு ஆயிரும். பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கு."

உங்கள் அம்மா உள்ளிருந்து, "பெரிய மாமா, உள்ள வந்து உக்காருங்க" என்றாள். அவர் கேட்காதவர்போல நின்றார். கோபமாகப் பேசுவார் என்று காத்திருந்தேன். பெரட்டில் என்னைக் கஷ்டமான மலைக்காட்டு மர நிரைக்குத் தள்ளுவார், வீட்டை மாற்றச் சொல்வார் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அவர் குரல் சின்னதாகப் போயிற்று.

"நேர்ந்தது நான். நீ முடிக்கலேன்னா அது உன்கிட்ட வராதுடா. என்கிட்டதான் வரும். என் தனம் நாலு வயசுப் பிள்ளை."

ஆஸ்பத்திரியில் நான் பயந்ததெல்லாம் என் உயிருக்கும் உங்களுக்கும். அவர் பயப்படுவது தன் பிள்ளைக்கு. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது என் பிடிவாதம் என்று தெரிந்தும் நான் தலையை ஆட்டவில்லை. இதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. காகிதத்தில் சுற்றியிருந்த கயிற்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். "இதை நான் குப்பையில போடலண்ணே" என்றேன். வாங்கிக்கொண்டு போனார்.

திருவிழா அன்று நாம் வீட்டுக்குள் இருந்தோம். மேளச் சத்தம் கேட்டுச் சூசை ஜன்னலில் ஏறினான். சாயங்காலம் பெரியப்பா நம் வாசல் வழியாகப் போனபோது நீங்கள்தான் முதலில் கத்தினீர்கள், பெரியப்பா மொட்டை என்று. தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. காதோரம் சவரக்கத்தி பட்டு ஒரு கீறல். என்னைப் பார்த்தார். "தம்பி தலைக்குப் பதிலா என் தலைய எடுத்துக்கன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். ஏத்துக்குமோ என்னமோ" என்றார். அவ்வளவுதான். நான் ஒன்றும் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முந்தாநாள் காலையில் தனம் இருமினாள். சுவர் ஒன்றுதானே நமக்கும் அவர்களுக்கும் நடுவில், இருமல் அப்படியே கேட்டது. அம்மா அடுப்படியில் கையை நிறுத்தினாள். இன்னொரு தடவை இருமல். நான் வெளியே வந்தேன். பெரியப்பாவும் வெளியே வந்து நின்றார், பிள்ளை தோளில். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சூடு இருக்காண்ணே?"

"தெரியல. நீ தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. சட்டையைத் தூக்கி, கக்கம், இடுப்பு எல்லாம் பார்த்தேன். கறுப்பு எதுவும் இல்லை. இரண்டு பேருமாக டிரஸர் ஐயாவிடம் நடந்தோம். வழி நெடுக அவர் வாய் ஒன்றை முணுமுணுத்தது, என் வாய் ஒன்றை முணுமுணுத்தது. பிள்ளை பாதி வழியில் அவருக்குக் கனத்துப்போய் என் தோளுக்கு மாறினாள். டிரஸர் ஐயா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாதா சளிதான்யா. இதுக்கா ரெண்டு ஆம்பளைங்க?"